அம்மா குடிக்கும் ஊற்று

பில்சன் நகரத்திலிருந்து மரியான்ஸ்கே லாஸ்னே ஊருக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குள் விலெம், "அக்கா, நம்மளப் பாத்ததும் அம்மா என்ன சொல்வாங்க?" என்று எட்டுத் தடவை கேட்டுவிட்டான். ராட்கா ஐந்து தடவை பொறுமையாகப் பதில் சொன்னாள். ஆறாவது தடவையிலிருந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராட்காவுக்குப் பன்னிரண்டு வயது. விலெமுக்கு எட்டு. பெரியவர்கள் துணையில்லாமல் இருவரும் வெளியூர் போவது இதுதான் முதல் முறை.

அவர்களுடைய அம்மாவுக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்து, அதை எடுத்திருந்தார்கள். மருத்துவ ஊற்றுகளுக்குப் பேர்போன மரியான்ஸ்கே லாஸ்னேயில் மூன்று வாரம் தங்கி, ஊற்றுத் தண்ணீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும்படி டாக்டர் அனுப்பிவைத்தார். இன்று அம்மாவின் பிறந்தநாள். நேற்று இரவு போனில் பேசும்போது, தனியாகக் கொண்டாடும் முதல் பிறந்தநாள் இதுதான் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவசரமாக போனை வைத்துவிட்டார்.

ராட்கா நேரே அப்பாவிடம் போய் நின்றாள். நாளைக்கு நாங்கள் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றாள்.

அப்பா டிராம் ஓட்டுபவர். சனிக்கிழமையும் அவருக்கு வேலை உண்டு. முதலில் முடியவே முடியாது என்றார். அரை மணி நேரம் கழித்து, ஒரு தாள் நிறைய எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். எந்த ரயில், எந்த பஸ், எங்கே இறங்குவது எல்லாம் அதில் இருந்தது. அடியில் இரண்டு விதிகளைச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். ஒன்று, ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது. இரண்டு, மாலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்து, ஐந்து இருபது ரயிலில் ஏறியாக வேண்டும்.

"அந்த ரயில்ல நீங்க வரலைன்னா, இனிமே பதினெட்டு வயசு வரைக்கும் தனியா எங்கயும் கிடையாது" என்றார்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். பிறகு அவரே உட்கார்ந்து பாபோவ்கா கேக் சுட்டு, லேசாகக் கருகிய பக்கம் அடியில் போகும்படி பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

இப்படிப் பக்காவாகத் திட்டம் போட்ட பயணம், அம்மா தங்கியிருந்த விடுதியின் வாசலிலேயே கவிழ்ந்தது.

அன்று காலையில்தான் அங்கே வெந்நீர்க் குழாய் வெடித்ததாம். தங்கியிருந்தவர்களைப் பிரித்து வேறு வேறு விடுதிகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்மா எந்த விடுதியில் இருக்கிறார் என்று ராட்கா கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்குப் பதில் தெரிந்துதான் இருந்தது. ஆனால் சிறுபிள்ளைகளிடம் சொல்ல விதி இல்லையாம்.

"உங்க முகத்தப் பாத்தாலே நல்ல பிள்ளைங்கன்னு தெரியுது கண்ணு. ஆனா நான் என்ன செய்ய? பெரியவங்க யாராவது வரணும்" என்றாள் அவள்.

அம்மாவின் போன் அணைந்து கிடந்தது. ஓய்வு கெடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், அம்மா இரவு எட்டு மணிக்குத்தான் அதைத் திறப்பார். அப்பாவின் போனோ, டிராம் ஓட்டும்போது பெட்டிக்குள் இருக்கும்.

இருவரும் விடுதி விடுதியாக ஏறி இறங்கினார்கள். எங்கு போனாலும் அதே புன்னகை, அதே விதி. ஏழாவது விடுதியில் விலெம் அழுது பார்த்தான். அவனுக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது, அவ்வளவுதான்.

மூன்றரை மணிக்குப் பூங்கா பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்து, அப்பா கட்டிக்கொடுத்த ரொட்டியையும் பொரித்த இறைச்சியையும் பிரித்தார்கள். அப்பாவுக்கு உப்புப் போடுவதில் எப்போதுமே தாராளம். பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதும் காலியாகிவிட்டது.

"அம்மாவப் பாக்காமலே போயிடுவோமா?" என்று விலெம் கேட்டான்.

அதே கேள்விதான் காலையிலிருந்து ராட்காவையும் குடைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா எழுதிய கடிதம் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் ஏழு மணி, மாலையில் நாலரை மணி, கடிகாரம் தவறினாலும் நான் தவறாமல் ருடால்ஃப் ஊற்றில் நிற்பேன் என்று எழுதியிருந்தார் அம்மா. அந்த ஊருக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஊற்றில் இத்தனை மணிக்கு இவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் சீட்டு எழுதித் தருவார். சீட்டை மீறி யாரும் ஒரு மடக்குக்கூடக் குடிக்க மாட்டார்கள்.

"விடுதி எதுவா இருந்தா நமக்கென்ன? அம்மா நாலரைக்கு ஊற்றுக்கு வந்துதானே ஆகணும்?" என்று துள்ளி எழுந்தாள்.

நான்கு மணிக்கு ஊற்றுகளைத் திறந்தார்கள். பூங்காவை ஒட்டிய நீளமான தூண் மண்டபத்தின் இந்தக் கோடியில் சிலுவை ஊற்று. ருடால்ஃப் ஊற்று அந்தக் கோடியில். போகிற வழியில் விலெம் தண்ணீர் கேட்டு அடம்பிடித்தான். ராட்காவின் கண்ணெல்லாம் அந்தக் கோடியிலேயே இருந்தது. "குடிச்சுத் தொலை, தண்ணிதானே" என்று சொல்லிவிட்டாள்.

அங்குதான் தவறு நடந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாரும் கைப்பிடியிலேயே மூக்கு வைத்த சின்னப் பீங்கான் குவளைகளில், நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நம் விலெமோ சிலுவை ஊற்றில் பாட்டிலைப் பிடித்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மடமடவென்று மூன்று பாட்டில் குடித்துத் தீர்த்தான். ஆணி ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று குறை வேறு சொன்னான்.

ருடால்ஃப் ஊற்றின் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், பச்சைக் குல்லா போட்ட, இடது கன்னத்தில் மச்சம் உள்ள அம்மாவைப் பற்றி ராட்கா கேட்டாள்.

"பச்சைக் குல்லாவா? முந்தாநாள் வரைக்கும் வந்தாங்களே. இப்ப வர்றதில்ல. டாக்டர் ஊற்றை மாத்தியிருப்பாரு" என்றாள் அந்தப் பெண், துடைப்பதை நிறுத்தாமலே.

எந்த ஊற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊரில் குடிக்கும் ஊற்றுகள் ஐந்தாறு இருக்கின்றன, ஒன்று காட்டுக்குப் பக்கத்தில், ஒன்று மலைச்சரிவில். மணி நாலு இருபது. எல்லா ஊற்றுக்கும் ஓடிப் பார்த்துவிடுவது என்று முடிவுசெய்து, ராட்கா தம்பியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

தம்பி நகரவில்லை. முகம் வெளுத்து, இரண்டு முழங்கால்களையும் சேர்த்து நெருக்கிக்கொண்டு நின்றான்.

"அக்கா, வயித்துக்குள்ள என்னமோ உருளுது."

"கொஞ்சம் அடக்கிக்கோடா."

"அடக்க முடியாதுக்கா. அது கேக்க மாட்டேங்குது."

சிலுவை ஊற்றுக்குப் பின்பக்கம் படி இறங்கினால் பொதுக் கழிப்பறை. அங்கே கையில் குவளையோடு பெண்கள் நீளமாக வரிசையில் நின்றார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் ஹெர்மினா. கழிப்பறையைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. விலெமின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பென்சிலை நீட்டி வரிசையை விலக்கி, பெண்கள் பக்கத்திலேயே ஒரு கதவைக் காட்டினாள். ராட்கா கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றாள்.

மணி நாலரை. இந்த நிமிடம் அம்மா ஏதோ ஓர் ஊற்றின் முன்னால் குவளையை நீட்டிக்கொண்டிருப்பார். இப்போது ஓடினால் ஒன்றிரண்டு ஊற்றுகளையாவது பார்த்துவிடலாம். ராட்கா மெல்லப் படி ஏறினாள். மூன்றாவது படியில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்."

"போயிட மாட்டியே?"

அவன் குரல் நடுங்கியது. ராட்காவுக்கோ அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் பறந்தது. ஆனால் வெளியூரில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பூட்டிய கதவுக்குப் பின்னால் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அவனை எப்படி விட்டுவிட்டுப் போவது? படி இறங்கிக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்கயும் போகல. இங்கதான் நிக்கிறேன்" என்றாள்.

ஹெர்மினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தம்பி சிலுவை ஊற்றுத் தண்ணீரையா குடித்தான் என்று விசாரித்தாள். மூன்று பாட்டில் என்று கேட்டதும், அந்தக் காலத்து ராஜாக்கள்கூட அவ்வளவு குடித்ததில்லை என்றாள்.

"இதோ நிக்கிறாங்களே, எல்லாரும் அந்த ஊற்றுத் தண்ணி குடிச்சவங்கதான். மலச்சிக்கல்னு போனா டாக்டர் அதைத்தான் எழுதித் தருவாரு. குடிச்சு இருபது நிமிஷம். இருபதாவது நிமிஷம் என்கிட்ட வந்தாகணும். அந்தப் பக்கத்து பாத்ரூம ரிப்பேருக்கு மூடி வச்சிருக்காங்க. வேற எங்க போவாங்க?"

ராட்கா சட்டென்று நிமிர்ந்தாள். புதன்கிழமை போனில் அம்மா அப்பாவிடம் என்ன சொன்னார்? நான்கு நாளாக வயிறு கல் மாதிரி இருக்கிறது, டாக்டரிடம் சொல்லப் போகிறேன் என்றார். வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்திருப்பார். முந்தாநாள் என்பதும் வியாழக்கிழமைதானே?

மேலே போய்த் தேடினால், குவளையோடு நடந்துகொண்டே குடிக்கும் கூட்டத்தில் அம்மாவைத் தவறவிட்டுவிடலாம். நாலரையோடு இருபதைக் கூட்டினாள். நாலு ஐம்பது.

அதற்குள் விலெம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான். வா ஓடலாம், எல்லா ஊற்றையும் பார்க்கலாம் என்று அவசரப்படுத்தினான்.

"வேண்டாம். இங்கயே நிக்கலாம். அம்மா இங்கதான் வருவாங்க" என்றாள் ராட்கா.

விலெம் அவளை மேலும் கீழும் பார்த்தான். "பொறந்தநாளுக்கு அம்மாவ பாத்ரூம் வாசல்லயா பாக்குறது? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றான். மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடினான்.

நாலு நாற்பது. நீலக் குல்லா வந்தது. நாலு நாற்பத்தைந்து. இரண்டு சாம்பல் குல்லாக்கள். தன் கணக்கு தப்பாக இருந்தால்? அம்மா இந்நேரம் காட்டு ஊற்றில் நின்றுகொண்டிருந்தால்? பஸ் நிறுத்தத்துக்கு நான்கு நிமிடம் நடக்க வேண்டும். நாலு ஐம்பது. யாரும் வரவில்லை. ராட்காவின் கை வியர்த்து, அட்டைப் பெட்டி நனைந்தது. நாலு ஐம்பத்தொன்று.

படியில் யாரோ தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

பச்சைக் குல்லா. அம்மாதான். ஒரு கையில் குவளை, மறு கை வயிற்றில், பார்வை நேரே கதவின் மேல்.

"அம்மா!" என்று ராட்கா குறுக்கே போய் நின்றாள்.

"கொஞ்சம் வழி விடும்மா, அவசரம்" என்று விலக்கிய அம்மா, ஓரடி வைத்துவிட்டு அப்படியே நின்றார். கண் அகல அவளைப் பார்த்தார். பிறகு, "ரெண்டே நிமிஷம் ராட்கா, எங்கயும் போயிடாத" என்றார். வரிசையில் முதலில் நின்ற பெண்மணி தன் முறையை விட்டுக்கொடுக்க, உள்ளே பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

பக்கத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் சந்தேகத்தோடு கேட்டது.

"அம்மா?"

"விலெம்? நீ எங்கடா இருக்க?"

"பக்கத்துல இருக்கேன்மா. நானும் சிலுவை ஊற்றுத் தண்ணிதான் குடிச்சேன். பொறந்தநாள் வாழ்த்துகள்மா."

முதலில் ஹெர்மினாதான் சிரித்தாள். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது, சிலர் குவளைத் தண்ணீரைச் சிந்திவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் அம்மாவும் சிரித்தார், விக்கி விக்கி, அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாதபடி.

அம்மா வெளியே வந்து கை கழுவியபோது மணி நாலு ஐம்பத்து நாலு. இருவரையும் சேர்த்து நெஞ்சோடு இறுக்கினார். காலையிலிருந்து புது விடுதி அறைக்குள் அழுதுகொண்டிருந்ததாகவும், பெட்டியைக் கட்டி வீட்டுக்கே கிளம்பிவிடலாமா என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"நான் இங்க வருவேன்னு உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல. உங்க வயித்த நம்பித்தான் நின்னேன்" என்றாள் ராட்கா.

மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார்கள். ஓட்டத்திலேயே அம்மா பெட்டியைத் திறந்து கேக்கில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். கருகிய பக்கமாகப் பார்த்துத்தான் எடுத்தார். ஐந்து மணி பஸ் ஐந்து மணிக்கே வந்தது. கதவு மூடியதும் அம்மா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தார். இந்தப் பக்கம் ராட்கா தன் கையை வைத்தாள். பஸ் நகர்ந்து, தெருமுனை திரும்பும் வரை பச்சைக் குல்லா கையசைத்துக்கொண்டே நின்றது.

ராட்கா இருக்கையில் சாய்ந்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து விட்டாள். அம்மாவைப் பார்த்தாயிற்று, ரயிலையும் பிடித்துவிடலாம், இனி ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தாள்.

விலெம் அவள் சட்டைக் கையை மெல்ல இழுத்தான்.

"அக்கா, ரயில்ல பாத்ரூம் இருக்கும்ல?"