பின் சக்கரத்துக்குப் பொருந்தாத டயர்

குட்டிமாவின் சைக்கிளுக்கு மலைச் சைக்கிள் என்று பெயர். பெயர்தான் பெரிய பெயர்! ஆற்று மணலைக் கண்டாலே அதன் சக்கரம் பொதக்கென்று புதைந்துவிடும்.

அவள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது. சாயங்காலம் ஆனால் போதும், தெருப் பிள்ளைகள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களில் மணலுக்குப் பறந்துவிடுவார்கள். குட்டிமா கரையிலேயே நின்றுவிடுவாள். தூரத்தில் அவர்கள் சிரிப்பது கேட்கும். வீட்டுக்குத் திரும்பினால், அம்மா வேலை முடிந்து வந்திருக்க மாட்டார். தனியாக இருந்து இருந்து அவளுக்கு அலுத்துப்போயிற்று.

அதனால்தான், அத்தை ஒரு ஜோடி தடித்த டயர் வாங்கித் தந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

“நானே மாட்டிக்கிறேம்மா!”

“மாட்டு, மாட்டு. விரலையும் சேர்த்து மாட்டிடாதே!” என்று சொல்லிவிட்டு அம்மா வேலைக்குக் கிளம்பினார்.

முன் சக்கரம் சமர்த்தாகப் பொருந்தியது. பின் சக்கரத்துக்கும் டயரைப் போட்டு, சைக்கிள் பிரேமுக்கும் டயருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழைந்தது. ஆகா! பம்பை எடுத்துக் காற்றடித்தாள். டயர் உப்பியது, இன்னும் உப்பியது. உருட்டினால், சர்ர்... சர்ர்... இரண்டு பக்கமும் உரசியது!

காற்று இல்லாத டயரை அளந்து பார்த்திருக்கிறாள், அசடு!

காற்றைக் குறைத்தாள். ஏறி உட்கார்ந்ததும் டயர் சப்பென்று அமுங்கியது.

“உனக்குக்கூட என்னைப் பிடிக்கலையா?” என்று டயரைக் கேட்டாள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். மணலில் முதலில் புதைவது எது? முன் சக்கரம். அதற்குத்தான் தடித்த டயர் போட்டாயிற்றே!

பின்னால் பழைய டயரையே மாட்டினாள். மணலுக்கு ஓட்டிப் போய்ப் பார்த்தாள். கொஞ்சம் முக்கியது, முனகியது, ஆனால் ஓடியது!

சாயங்காலம் வந்தது. பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். குட்டிமாவும் பாய்ந்து வெளியே வந்தாள்.

மாடிப்படியின் கீழே, அவள் வயதே உள்ள மேல்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். அவள் கை சைக்கிளைப் பிடித்திருந்தது, கண் போகிறவர்களையே பார்த்தது. அவள் சைக்கிளிலும் ஒல்லி டயர்தான்.

இப்போது விரட்டினால் அவர்களைப் பிடித்துவிடலாம். குட்டிமா தெருமுனையைப் பார்த்தாள். பிறகு சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, மிச்சமிருந்த டயரை எடுத்து வந்தாள்.

“இது உன் முன் சக்கரத்துக்கு. ஒண்ணு போதும்.”

“எனக்கா? உன்னோட பின் சக்கரத்துக்கு வேணாமா?”

“அதுக்கு ஒத்து வரலை. சரியான அடம்!”

இருவரும் சேர்ந்து மாட்டினார்கள். மேல்வீட்டுப் பெண் விரலை விட்டு அளக்கப் போனாள்.

“இரு, இரு! காத்தடிச்சிட்டுதான் அளக்கணும்,” என்றாள் குட்டிமா, பெரிய மெக்கானிக் மாதிரி.

முடிப்பதற்குள் மற்றவர்கள் வீடு திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

“ஐயோ, என்னால நீ போகலையே!”

“அதனால என்ன? மணலை யாரும் சுருட்டிக்கிட்டுப் போகலை. வா!”

இருட்டும்வரை மணலில் ஓட்டினார்கள். மேல்வீட்டுப் பெண் மூன்று தடவை விழுந்தாள். குட்டிமா அவளைத் தூக்கிவிடப் போய்த் தானும் விழுந்தாள்.

வீட்டு வாசலில் மேல்வீட்டுப் பெண் தயங்கினாள். “நாளைக்கும் நான் வந்து உன்னைக் கூப்பிடட்டா?”

“கூப்பிடு,” என்றாள் குட்டிமா. “நல்லா சத்தமாக் கூப்பிடு. தெருவுக்கே கேக்கணும்!”