அவர் சொன்ன ‘டேபிள்’

மாடிப்படி ஏறி வந்த பெண்ணுக்கு, உட்காரும்போதே கண் கலங்கிவிட்டது. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தேடி வருகிறவர்களின் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுத்துவந்த இன்ஸ்பெக்டரம்மா மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டினார். எல்லா விசாரணையிலும் கூடவே இருக்கும் அவருடைய கணவர் ஆவலோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அடுத்த மாசம் எனக்கு ரெண்டாவது கல்யாணம். அஞ்சு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. கல்யாணமானதும் அவளைத் தத்தெடுத்துக்கிறேன்னு சொன்னவர் இப்போ பின்வாங்கிட்டார். ஏன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

“யாரோ அவர் மனசைக் கலைச்சிருக்காங்க!” என்றார் கணவர்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவர் என்னம்மா சொன்னார்?”

அவள் கைப்பேசியில் ஒரு குரல் பதிவை ஓடவிட்டாள். மாப்பிள்ளை கப்பல் இன்ஜினியர். குரலில் உற்சாகம் பொங்கியது. “பாப்பா விஷயத்தை ஞாயித்துக்கிழமை முதல் வேலையா டேபிள் பண்ணிடலாம். அம்மாவும் இப்போ நல்ல மூடுல இருக்காங்க, டச் வுட்.”

“டேபிள் பண்றதுன்னா கிடப்புல போடறது. அமெரிக்கக் கம்பெனில வேலை பாக்கிறேன், மீட்டிங் மீட்டிங்கா கேக்கிற வார்த்தை. அதுலேருந்து அவர் ஃபோனை நான் எடுக்கவே இல்ல.”

“கண்ணு படக்கூடாதுன்னா உங்க ஆபீஸ்ல என்ன சொல்வாங்க?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா.

“நாக் ஆன் வுட்.”

“இவர் டச் வுட்ங்கிறார். வேலை கத்துக்கிட்டது பிரிட்டிஷ் கப்பல்லயா?”

“ஆமா! எப்படித் தெரியும்?”

“அது பிரிட்டிஷ்காரங்க பேச்சும்மா. டேபிள் பண்றதுன்னா அவங்களுக்கு, பேச்சை எடுத்து எல்லார் முன்னாலயும் வைக்கிறது. அதே வார்த்தைக்கு அமெரிக்காவுல நேர் எதிர் அர்த்தம். அதுவும் போகட்டும், கிடப்புல போடறவர் எதுக்கு முதல் வேலையா போடணும்? அம்மா நல்ல மூடுல இருந்தா அவருக்கென்ன, இல்லாட்டி என்ன?”

“அதானே!” என்று தொடையில் தட்டினார் கணவர்.

அவள் மாப்பிள்ளையின் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்ததுமே எடுத்துவிட்டார்.

“எங்க போயிட்ட? மனசு மாறிட்டியோன்னு பயந்தே போயிட்டேன். நாளைக்கு நீ இல்லாம அம்மாகிட்ட நான் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பேன்?”

இன்ஸ்பெக்டரம்மா கணவரின் கையைப் பிடித்து எழுப்பினார்.

“முடிவைக் கேட்டுட்டு வரேனே...”

“நமக்கு இனி இங்க வேலை இல்ல, வாங்க.”

கதவைச் சாத்தும்போது அவள் குரல் கேட்டது: “நானும் வரேன். பாப்பாவையும் கூட்டிட்டு வரேன்.”