காணாமற்போன ஒவ்வாமைக் குறிப்பு

"பென்சிலின் ஆகாதுன்னு நான் அனுப்பினேன் மிஸ். ஆஸ்பத்திரியில அந்த இடம் வெறுமையா வந்திருக்கு. ஊசி போடுற நேரம் நோயாளி அம்மாவே சொன்னதால தப்பிச்சாங்க."

பிரேமிளாவுக்கு உட்காரவே முடியவில்லை. குறிப்பை அழித்தது அவள்தான் என்று ஆய்வுகூட மேலாளர் கணேஸ் முடிவே கட்டிவிட்டார். கணினிக் கோளாறுகளைத் துருவிப் பார்க்கும் றுமைஸாவை அவள்தான் கண்டிக்கு வரவழைத்திருந்தாள்.

பிரேமிளா அனுப்பிய கோப்பைத் திறந்தாள் றுமைஸா. குறிப்பு அப்படியே இருந்தது.

"அலவத்துகொடைக் கிளை அறிக்கையெல்லாம் சரி, ராத்தா. புசல்லாவைக் கிளைதான் பிழை. அதுவும் திங்கள் தொட்டு," என்றான் றுமைஸாவின் உதவியாளன் அஸ்ஃபர் பரபரப்பாக.

"திங்கள்தான் இவ அந்தக் கிளையப் பொறுப்பெடுத்தா," என்றார் கணேஸ்.

றுமைஸா போன வார அறிக்கையையும் இந்த வார அறிக்கையையும் அருகருகே வைத்தாள். ஆங்கிலத் தலைப்பில் புசல்லாவைக்குப் பழையதில் ஒரு 'எஸ்', புதியதில் இரண்டு.

"இதத் திருத்தினது யாரு?"

"நான்தான். ஞாயிறு பின்னேரம். எழுத்துப் பிழை கண்ணை உறுத்திச்சு," என்றார் கணேஸ்.

பிரேமிளா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

"பேர், வயசு, இரத்த முடிவு எல்லாம் பொதுவான பெயர்வெளியில போகுது, சேர்," என்றாள் றுமைஸா. " பெயர்வெளிண்டா அந்தத் தகவல் யாருடையதுண்டு காட்டுற நீள முகவரி. ஒவ்வாமைக் குறிப்பு மட்டும் கிளையோட சொந்தப் பகுதி. அறிக்கைய ஆஸ்பத்திரி வடிவத்துக்கு மாத்துற உங்க மென்பொருள் அதுக்குரிய முகவரியக் கிளைப் பேர வச்சு அந்தந்த நேரம் கட்டுது. பேர் மாறினா முகவரியும் மாறும். ஆஸ்பத்திரிக்குத் தெரிஞ்சது பழைய முகவரி. புதுச அடையாளம் தெரியாமத் தள்ளிட்டுது."

"குறிப்புக்கு முன்னால வர்ற முன்னொட்டு ரெண்டுலயும் ஒண்டுதானே?" என்றான் அஸ்ஃபர்.

"அது நாம கூப்பிடுற சுருக்கப் பேர். கம்பியூட்டர் முகவரியத்தான் பாக்கும். இனிப் பேர்லேருந்து கட்டாம, மாறாத முகவரியத் தனியாப் பதிஞ்சு அதிலேருந்து எடுக்கணும்."

கணேஸ் கண்ணாடியைக் கழற்றினார். "பிரேமிளா, நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிரும்மா."

அந்தச் சொல்லுக்காகத்தான் அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஆனால் இப்போது அது காதில் ஏறவில்லை.

"திங்கள்லேருந்து புசல்லாவையிலேருந்து எத்தனை அறிக்கை போயிருக்கு?"

அஸ்ஃபர் திரையைப் பார்த்தான். "முப்பத்தொண்டு."

பிரேமிளா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொலைபேசியை எடுத்து, முதல் நோயாளியின் வார்டுக்கு அழைத்தாள்.