பதினேழாம் நம்பர் பூட்டு

லிஃப்ட் கீழே வந்தது.

அவன் அதற்கும் கீழே இருந்தான்!

பட்டப்பகல், பதினொன்றரை மணி. ஐந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கின் மேல், ஆளில்லாத லிஃப்ட் வந்து உட்கார்ந்தது.

ஒரே ஒரு அலறல். அப்புறம் அதுவும் இல்லை.

நாற்பத்து மூன்று நாள் கழித்து...

"நிராகரிக்கப்பட்டது!"

இறப்பு உதவித்தொகை அலுவலகத்தின் நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து குமாஸ்தா சொன்னார். மூக்கு நுனியில் கண்ணாடி. குரலில் ஒரு சலனம் கூட இல்லை.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தையல்காரி. மெக்கானிக்கோடு பதினொரு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவள். கல்யாணத்தைப் பதிவு செய்வது மட்டும் 'அடுத்த மாசம், அடுத்த மாசம்' என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இனி அந்த அடுத்த மாசம் வரப்போவதில்லை.

"போன வாரம் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டேர்ந்து கடிதம் கேட்டீங்க... கொண்டு வந்தேன். அதுக்கு முந்தின வாரம் வாடகை ஒப்பந்தம்... அதையும் கொண்டு வந்தேன்."

"ஒப்பந்தத்துல அவர் பேர்தான் இருக்கு."

"கரண்ட் பில்லு?"

"அதுலயும் அவர் பேர்தான்."

"நான் வரிசையில நின்னு கட்டின பில்லு சார் அது!"

"வரிசையில நின்னவங்க பேரையெல்லாம் பில்லுல போட மாட்டாங்கம்மா."

"அவரோட தோள் அளவு, கை அளவு, காலர் அளவு எல்லாத்தையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!"

"அளவு எழுத பாரத்துல கட்டம் இல்லையே..."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னலில் மட்டும் கம்பி இல்லாமல் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடி அன்றைக்கே உடைந்திருக்கும்.

"அவகிட்ட என்ன பேச்சு? பெத்தவ நான் இங்க உட்கார்ந்திருக்கேன்!"

பெஞ்சிலிருந்து ஒரு குரல். மெக்கானிக்கின் அம்மா. பதினொரு வருஷமாகத் தையல்காரியின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காதவள். வாசலைக் கூட மிதித்ததில்லை.

குமாஸ்தா பெருமூச்சு விட்டார்.

"மருமகள்னு ஒருத்தி இருந்தா தாய்க்குக் கிடையாது. இல்லைன்னாதான் உங்களுக்கு. அதுவும் மகன்தான் உங்களைக் காப்பாத்தினார்னு நிரூபிக்கணும். நீங்க மக வீட்டுல இருக்கீங்க."

"மருந்து மாத்திரை எல்லாம் அவன்தானே வாங்கிக் கொடுத்தான்!"

"ரசீது?"

"பெத்த பிள்ளைகிட்ட எவளாவது ரசீது கேட்பாளா?"

"கேட்டிருக்கணும்!"

குமாஸ்தா ஃபைலை மூடினார். "நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுப் பிரயோஜனமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் யாருக்கும் கிடையாது."

"ஏன்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். கேட்ட பிறகு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"சொந்த அலட்சியத்தால செத்தா உதவித்தொகை கிடையாது. குழிக்குள்ள இறங்குறவன் மெயின் சுவிட்சை அணைச்சு, அதுல தன் சொந்தப் பூட்டைப் போடணும். அவனே வந்து திறக்குற வரைக்கும் லிஃப்ட் அசையாது. உங்க ஆள் பூட்டலைன்னு கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கு."

தையல்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்தாள்.

பூட்டலையா? வீட்டில் பல்ப் மாற்றக் கூட மெயினை அணைத்துவிட்டு, பக்கத்தில் அவளைக் காவலுக்கு நிறுத்துகிறவன்!

"பொய்!"

"அப்படின்னா மேல்முறையீடு பண்ணுங்க. விசாரணை பன்னிரண்டு மணிக்கு. பக்கத்து ரூம்."

"யார் விசாரிப்பாங்க?"

"நான்தான். ஆள் பற்றாக்குறை!"

பக்கத்து அறை. ஒரு கால் ஆடும் மேஜை. மூலையில் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். விபத்து என்று எழுதி வழக்கை முடித்த இன்ஸ்பெக்டர் அடக்க முயன்ற கொட்டாவியோடு வந்து சேர்ந்தார்.

சூப்பர்வைசர் ஒரு பூட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். திறந்த பூட்டு. அடியில் 17 என்று கீறியிருந்தது.

"அவனோட பூட்டு சார், அவன் நம்பர் பதினேழு. டூல் பைக்குள்ளயே கிடந்தது. எத்தனையோ தடவை சொன்னேன்... கேட்கலை. நல்ல பையன். தலையெழுத்து!"

"நடிக்காதீங்க!" தையல்காரி எழுந்தாள். "முந்தின நாள்தான் என்கிட்ட சொன்னார். லிஃப்ட் கயிறு இத்துப்போச்சு, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடச் சொல்றாங்க, போட மாட்டேன்னு!"

"சாட்சி?" என்றார் குமாஸ்தா.

"சோறு போட்டுக்கிட்டே கேட்டேன் சார். சாட்சிக்கு எவனைக் கூப்பிடுறது?"

"சாட்சி இல்லை..." குமாஸ்தா எழுதிக்கொண்டார். "சரி, உறவுக்காவது ஏதாவது ஆதாரம் இருக்கா? போட்டோ? மோதிரம்?"

அவள் தயங்கினாள். கழுத்துக்குள் கைவிட்டு ஒரு கறுப்புக் கயிற்றை வெளியே இழுத்தாள்.

நுனியில் ஒரு சின்னச் சாவி!

"இதுதான் இருக்கு. அவர் பூட்டோட ரெண்டாவது சாவி. 'ஒண்ணு என் பாக்கெட்ல, ஒண்ணு உன் கழுத்துல. நம்ம ரெண்டு பேரைத் தவிர எவனும் என் பூட்டைத் திறக்கக் கூடாது'ன்னு கொடுத்தார்."

சூப்பர்வைசரின் மடிப்பு முதல் தடவையாகக் கசங்கியது.

"அ... அது எப்படி? ரெண்டாவது சாவி தொலைஞ்சுபோச்சுன்னு அவன் எழுதிக் கொடுத்தான்!"

"ஆஃபீஸ்ல ஒப்படைக்க மனசு வரலை. அதான் அப்படி எழுதினார்."

இன்ஸ்பெக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது.

"எங்கே... அதைப் போட்டுக் காட்டுங்க."

தையல்காரி பூட்டை எடுத்தாள். சாவியை வைத்தாள். அழுத்தினாள். திருப்பிப் பிடித்து மறுபடியும் அழுத்தினாள்.

நுழையவே இல்லை!

"பார்த்தீங்களா சார்!" சூப்பர்வைசர் சிரித்தார். "ஏதோ பீரோ சாவியை மாட்டிக்கிட்டு வந்து கதை சொல்றா!"

தையல்காரிக்கு அழுகை முட்டியது. பதினொரு வருஷத்துக்கு ஒரே ஒரு அத்தாட்சி... அதுவும் பொய்யா?

"கொஞ்சம் இருங்க."

அம்மா!

இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய மகனின் பொருள்கள். ஒரு சீப்பு. நின்றுபோன வாட்ச். ஒரு சாவி.

"என் பிள்ளை சட்டைப் பாக்கெட்ல இருந்தது. எந்தப் பூட்டுக்குன்னு தெரியாமலே வச்சிருக்கேன்."

அந்தச் சாவியும் பூட்டுக்குள் நுழையவில்லை.

கிழவி, தையல்காரியின் கழுத்துக் கயிற்றைத் தானே பிடித்து இழுத்து, இரண்டு சாவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

பல்லுக்குப் பல்... மேட்டுக்கு மேடு... ஒன்றேதான்!

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"ரெண்டு சாவியும் ஒரே பூட்டோடது," இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "இந்தப் பூட்டுதான் அவனோடது இல்லை. நம்பர் கூடப் புதுசாக் கீறியிருக்கு. அசல் பூட்டு எங்கே சூப்பர்வைசர்?"

சூப்பர்வைசரின் கண் கதவுப் பக்கம் போனது.

"அவன் பூட்டிட்டுத்தான் இறங்கியிருக்கான். சாவி இல்லாததால நீ அதை வெட்டி எடுத்து, லிஃப்டைக் கீழே விட்டிருக்கே!"

"கையெழுத்துப் போடுடான்னு எத்தனை தடவை கெஞ்சினேன்!" சூப்பர்வைசர் வெடித்தார். "மேலதிகாரிக்கு எழுதுவேன்னு என்னையே மிரட்டினான்! அவன் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பான்!"

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டி இழுத்துக்கொண்டு போனார்.

அம்மா இன்னும் கயிற்றை விடவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தாள்.

"என் பிள்ளை உயிரையே உன் கழுத்துல தொங்க விட்டிருக்கான்... நான் உன் வாசலைக் கூட மிதிக்கலையேடி!"

குமாஸ்தா பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கோங்க. இவ என் மருமக."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை எழுதினா உங்களுக்குக் கிடைக்காது."

"எழுதுய்யா!"

எழுதினார். முத்திரை குத்தினார். தையல்காரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உறவு ஏத்துக்கிட்டாச்சு. அலட்சியமும் இல்லை. ஆனா..."

"ஆனா என்ன?"

"இந்தப் பிரிவு விபத்துக்கு மட்டும்தான். இப்போ இது கொலையாயிடுச்சே! பாரம் வேற. அஞ்சாவது மாடி. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

இரண்டு பேரும் பல்லைக் கடித்தார்கள்.

"லிஃப்ட்ல போங்க," குமாஸ்தா கரிசனமாகச் சொன்னார். "போன வாரம்தான் செக் பண்ணிக் கையெழுத்துப் போட்டாங்க."

"யாரு?"

குமாஸ்தா வாசலைக் காட்டினார். விலங்கு மாட்டிய சூப்பர்வைசர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.

அம்மா மருமகளின் கையை இறுகப் பிடித்தாள்.

"படி எந்தப் பக்கம்யா இருக்கு?"