பூச்சிமருந்துக்காரியும் வண்டு வாத்தியாரும்

கையில் குடை இருந்தும் ஒருவன் மழையில் நனைந்துகொண்டு நின்றான்!

பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு வெளியே தானியக் கிடங்கைப் பார்வையிட்டுவிட்டு, பஸ் பிடிக்கக் குறுக்கு வழியாகப் புல்வெளியில் இறங்கியவளை மழை வளைத்துக்கொண்டது. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இந்த மகானோ வெள்ளைக் குடையைத் தலைகீழாக ஏந்தி, அதன்மேல் முதுகை வளைத்துக் கவிழ்ந்துகொண்டு நிற்கிறான்.

"ஏங்க... அதைக் கொஞ்சம் நேராப் பிடிச்சா நானும் ஒதுங்கிக்குவேன்ல?"

"முடியாதுங்க... உள்ள ஆள் இருக்கு."

எட்டிப் பார்த்தாள். புதரைக் குச்சியால் தட்டி உதிர்த்த வண்டுகள், குடைத்துணியில் திக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"டப்பா வச்சிருக்கீங்களா?"

"பையில... ஆனா எனக்குக் கை ரெண்டுதான்."

தலையில் அடித்துக்கொண்டு அவளே டப்பாக்களை எடுத்தாள். ஒவ்வொன்றாகப் பிடித்துப் போடப் போட, அவன் பெயர் சொல்லிக்கொண்டே வந்தான். ஒன்றில் மட்டும் தயங்கினான்.

"கூன்வண்டு," என்றாள் அவள். "மூக்கைப் பாருங்க."

அவன் நிமிர்ந்தான். நனைந்த இமைகளுக்குள் அத்தனை பெரிய வியப்பு... அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததே இல்லை. எதற்கோ நெஞ்சு ஒரு தரம் தடுமாறியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது... வீட்டு அரிசி டப்பாவுல பாத்திருக்கேன்."

பொய்! அவள் அப்பா பூச்சி ஒழிப்புக் கம்பெனி நடத்துகிறார். மகள்தான் வலது கை. மல்லாந்து கிடக்கும் கரப்பான் படம் போட்ட வேனில், மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டி ஊரெல்லாம் சுற்றுகிறவள்; இன்றைக்கு வேன் பட்டறையில். இந்தக் கண்களுக்கு முன்னால் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

காலியான குடையை அவன் நேராகப் பிடித்தான். ஒரே குடைக்குள் இரண்டு பேர்... பஸ் வருவதற்குள் அவன் பள்ளி அறிவியல் ஆசிரியன் என்பதும், பிள்ளைகள் வைத்த பெயர் வண்டு வாத்தியார் என்பதும் தெரிந்துவிட்டது.

"அடுத்த ஞாயிறும் வருவீங்களா?"

"மழை வந்தா வரேன்," என்றாள். மழை வரவில்லை. அவள் வந்தாள்.

மூன்று ஞாயிறுகள். யாரும் புகார் கொடுக்காத பூச்சிகளை அவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள். உள்ளங்கையில் பொன்வண்டு ஊர்ந்தபோது, விரல்கள் உரசிக்கொண்டன. இருவரும் வண்டையே பார்த்தார்கள்... வேறெங்கும் பார்க்கத் தைரியமில்லை. இன்று தன் தொழிலைச் சொல்லிவிட வேண்டும் என்று வருவாள். சொல்லாமலே திரும்புவாள்.

நான்காம் வாரம் ஒரு பள்ளி நூலகத்தில் கரையான் என்று வேலை வந்தது. எந்தப் பள்ளி என்று பார்த்தால், அவன் வேலை பார்க்கும் பள்ளி! அவன் வகுப்பில் இருப்பான், சத்தமில்லாமல் முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தாள். எங்கே! நூலகத்தை ஒட்டிய அறையிலேயே நின்றான். சுவர் நிறையக் கண்ணாடிப் பெட்டிகள், ஊசியில் குத்திய வண்டுகள். ஆறு வருட உழைப்பு.

அவள் சீருடையைப் பார்த்தான், தொட்டியைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

"இதுதான் உங்க தொழிலா? நான் கையில எடுத்துக் காட்டினதையெல்லாம்... நீங்க சம்பளத்துக்குக் கொல்றீங்களா?"

சுருக்கென்றது. "நீங்க மட்டும் ஊசியில குத்தி என்ன, தாலாட்டா பாடறீங்க?"

விறுவிறுவென்று வேனுக்குப் போய் ஏறிக்கொண்டாள். கண் நிறைந்தது. ஆனால்... அவன் பெட்டியின் அடியில் பழுப்பாக ஏதோ தூள் கிடந்ததே! அவள் கண்ணுக்கு அது தப்புமா? சொல்லாமல் போனால் இரண்டு மாதத்தில் ஊசி மட்டும்தான் மிஞ்சும். போகட்டுமே, திமிர் பிடித்தவன்... ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினாள்.

"அந்தத் தூள் என்னன்னு தெரியுமா?"

"தூசி..."

"தூசி இல்ல. உங்க வண்டைத் தின்னு துப்பின மிச்சம். இதோ, முடி முடியா ஒரு புழு. இதுவும் வளர்ந்தா வண்டுதான் வாத்தியாரே!"

அவன் குனிந்து பார்த்தான். ஊரில் உள்ள வண்டுக்கெல்லாம் பெயர் சொல்கிறவன், தன் பெட்டிக்குள் இருந்ததைக் கோட்டை விட்டிருந்தான்.

"மருந்து... அடிச்சிடுங்க."

"வேண்டாம், நிறம் போயிடும். பெட்டியைப் பாலிதீன்ல இறுக்கிக் கட்டி ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைங்க. தேவையில்லாத இடத்துல நாங்க மருந்து அடிக்கிறதில்ல."

அவன் ஏதோ சொல்ல வாய் திறந்தான். அவள் நிற்காமல் கரையான் வேலையைப் பார்க்க நூலகத்துக்குள் போய்விட்டாள்.

இரண்டு வாரம் சத்தமே இல்லை. அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியிலேயே கிடந்தாள். அப்பா கேட்டதற்கெல்லாம் வள்ளென்று விழுந்தாள்.

பதினைந்தாம் நாள் காலை, கல்லாவுக்கு எதிரில் அவன்.

"என்ன பூச்சி தம்பி?" என்றார் அப்பா.

"பூச்சி இல்ல சார். உங்க பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"அதுக்கு நம்மகிட்ட மருந்து இல்லையே..." என்றவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, திடீரென்று ஞாபகம் வந்தவர்போல உள்ளே சரக்கு எண்ணப் போனார்.

"எல்லாப் பெட்டியும் தப்பிச்சிடுச்சு," என்றான். "நான்தான் ரெண்டு வாரமாத் தூங்கல. ஃப்ரீசரைத் திறந்தா உங்க ஞாபகம். எங்கம்மா ஐஸ் வைக்க இடமில்லாமத் திட்டறாங்க, அதுக்கும் உங்க ஞாபகம்தான்... அன்னைக்கு நான் பேசினது ரொம்பத் தப்பு."

"மறைச்சது என் தப்பு. சொன்னா வரமாட்டீங்களோன்னு... பயந்துட்டேன்."

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இந்தச் சீருடையோட சேர்த்துத்தான்."

அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். "எவ்வளவு சோப்புப் போட்டாலும்... இந்த மருந்து வாசனை போகாது."

அவன் அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"போக வேண்டாம்," என்றான்.