ராகு காலத்து மெயில்

"மாப்பிள்ளையாத்து மெயில் எங்க சித்தி?"

அனன்யாவின் குரல் கேட்டு, தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள் வேம்பு. கம்ப்யூட்டர் முன்னால் அனன்யா, பின்னால் அவள் அப்பா ஸ்ரீனிவாசராகவன். இரண்டு முகமும் சரியில்லை.

"நான்தான் அழிச்சேன்..."

"அழிச்சியா! அப்பா குளிக்கப் போறச்சே வந்த மெயில்! பையனோட போட்டோன்னு போட்டிருந்ததாமே! நான் கல்யாணம் பண்ணிண்டு போறது உனக்குப் பிடிக்கலையா?"

இரண்டாம் தாரமாக வந்து, அனன்யாவின் மனம் நோகக்கூடாதென்று தனக்கென ஒரு குழந்தையே வேண்டாம் என்று இருந்தவள் வேம்பு. அனன்யாவோ பதினோரு வயதில், "நீ எனக்குப் பின்னாதே" என்று சீப்பைப் பிடுங்கிக்கொண்டவள்.

"எட்டு மணிக்கு அனுப்பின மெயில் அது. திங்கக்கிழமை ஏழரைலேர்ந்து ஒம்பது ராகு காலம். பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு வெங்கடரமணன் மாமா, ராகு காலம் முடியட்டும்னு கேட்டுக்கு வெளியே வெயில்ல நின்னாரே! அவரா பிள்ளை போட்டோவை இந்த வேளைல அனுப்புவார்? 'உடனே திற'ன்னு அவசரம் வேற... அவர் எதுக்கு அவசரப்பட்டிருக்கார்?"

"அசடு! மெஷினுக்கு ஏது ராகு காலம்!" என்று கத்தினார் ஸ்ரீனிவாசராகவன்.

"அவரையே போன்ல கேளுங்கோளேன்!"

"உங்க பிள்ளை போட்டோவை என் பொண்டாட்டி அழிச்சுட்டாள்னா? வெட்கக்கேடு!"

அனன்யா ஆத்திரத்தோடு, போன் லைனில் ஓடிக்கொண்டிருந்த இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தாள். லைன் விடுபட்டதுதான் தாமதம், போன் அலறியது. எடுத்த ஸ்ரீனிவாசராகவனின் முகம் வெளுத்தது. மறுமுனையில் அடையாறு வெங்கடரமணன் போட்ட கூச்சல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ராகு காலம்னுகூட பார்க்காம அடிச்சிண்டே இருக்கேன், எங்கேஜ்டாவே இருக்கே! என் பேர்ல மெயில் வந்தா திறக்காதீங்கோ! ஏதோ வைரஸ்... எங்காத்து மெஷின்ல இருந்த அத்தனையும் போச்சு! அதுவாவே எல்லாருக்கும் போயிண்டிருக்கு!"

அனன்யா திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அடுத்த வாரம் காலேஜில் கொடுக்க வேண்டிய அவளுடைய இரண்டு வருஷ உழைப்பு அதற்குள்தான் இருந்தது.

சமையலறையிலிருந்து கருகல் வாசனை வந்தது. ஸ்ரீனிவாசராகவன் உள்ளே போய் அடுப்பை அணைத்தார். கல்யாணமான நாளாய் அவர் அடுப்பங்கரையில் செய்த முதல் வேலை அதுதான்!

அனன்யாவும் எழுந்து போனாள். கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்தபோது கையில் சீப்பு. வேம்புவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, பின்னலை அவிழ்த்துவிட்டாள்.

"பின்னி விடறியா சித்தி?"

சீப்பை வாங்கிக்கொண்டு வேம்பு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சித்த இருடி... ஒம்பது அடிக்கட்டும்" என்றாள் அழுதுகொண்டே.