பெஞ்சில் விட்ட இடம்

தட்டில் மிதந்த படத்தில் மூன்று நிழல்கள் இருந்தன. ஆட்கள் இரண்டு பேர்தான்.

யுத்த காலத்தில் ஜன்னலுக்கு ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இக்னேஷியஸ் கிழிக்கவே இல்லை. அதனால்தான் சாந்தோம் வீட்டின் அந்தக் குளியலறை அவருக்குப் படம் கழுவும் இருட்டறையாயிற்று. சிவப்பு விளக்கின் கீழே, மருந்து நெடியும் ஈரச் சுண்ணாம்பு வாடையும் கலந்த புழுக்கத்தில், குனிந்து மறுபடி எண்ணினார். இலங்கை, நுவரெலியா ஏரிக்கரை. வெள்ளைச் சுவரை ஒட்டிய பெஞ்சில் வலது ஓரத்தில் அவர், இடது பக்கம் மனைவி நோரா. பின்சுவரில் உட்கார்ந்த நிழல்கள் இரண்டு. நோராவின் நிழலை ஒட்டி, நின்றபடி இன்னொன்று.

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லித் தருகிறவர். எதையும் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. பிரித்துப் பார்த்தார். படத்தை எடுத்தது யாருமில்லை. காமிராவை முக்காலியில் நிறுத்தி, விசையை முறுக்கிவிட்டு, அது வண்டுபோல் ரீங்கரித்து ஓய்வதற்குள் ஓடிவந்து உட்காருவது அவர் வழக்கம். சூரியன் காமிராவுக்குப் பின்னால். அந்தப் பக்கம் யாராவது நின்றிருந்தால் நிழல் தரையில் நீண்டு வந்துதான் சுவரில் ஏறும். தரை சுத்தமாக இருந்தது. ஒரே பிலிமில் இரண்டு படம் விழுந்திருந்தால் அவர்கள் முகமும் இரட்டித்திருக்கும். இரட்டிக்கவில்லை. அப்படியானால் நிழலுக்கு உரியவர் பெஞ்சை ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும். படத்தில் அங்கே புல் மட்டும் இருந்தது.

"ஏங்க, உள்ளேயே குடித்தனம் வெச்சுட்டீங்களா?" கதவைத் தட்டினாள் நோரா. "ஜெபத்துக்கு நேரமாச்சு. வந்து கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடுங்க. ஊர்லேர்ந்து வந்ததுலேர்ந்து இந்தத் தோள் விடவே மாட்டேங்குது. யாரோ பிடிச்சுத் தூக்குறாப்பல இருக்கு."

இக்னேஷியஸ் படத்தைப் பார்த்தார். நின்ற நிழலின் கை, நோராவின் நிழலுடைய தோளில் இருந்தது.

ஏரிக்கரையில் கடைசி நாள் காலை அவர் செய்தது நினைவுக்கு வந்தது. அடுத்த வருஷம் பாஸ்போர்ட் இல்லாமல் விடமாட்டார்கள் என்று போகும்போதே கப்பலில் பேச்சு. இனி எப்போது பார்ப்போமோ என்று ஏரியைப் பார்த்தபோது, நம்மூரில் விடைபெறும்போது வாயில் தானாக வரும் வார்த்தை வந்துவிட்டது. "போயிட்டு வர்றோம். நீங்களும் ஒரு தடவை நம்ம வீட்டுப் பக்கம் வாங்க."

நோரா சிரித்தாள். "யாரைக் கூப்பிடுறீங்க, ஏரியையா? வந்தா பாய் விரிக்க நம்ம வீட்ல இடம் ஏது?"

கூடத்துக்கு வந்தார். யுத்தம் முடிந்ததிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் எடுத்த படங்கள் சட்டம் போட்டு வரிசையாகத் தொங்கின. அதே ஏரி, அதே பெஞ்சு. இந்த ஜனவரியில்தான் கல்யாணம், அதுவரை அவர் தனியாள். படம் லட்சணமாக அமையட்டும் என்று வலது ஓரமாக ஒதுங்கி, இடது பாதியைக் காலியாக விட்டு உட்காருவார்.

பூதக்கண்ணாடியை வைத்தார். காலி இடத்துக்குப் பின்னே சுவரில் ஒரு கறை. பாசி என்று நினைத்திருந்தார். தலை. கழுத்து. அவர் பக்கம் சாய்ந்த தோள். எல்லாப் படத்திலும்.

இத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம்தான் நிற்கிறது. அதன் இடத்தில் நோரா உட்கார்ந்துவிட்டாள்.

ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, மேஜை விளக்கை எதிரே நகர்த்தி வைத்தார். கடல் இரைந்தது. ஜூன் மாதப் புழுக்கத்தில், மீன் குழம்பின் வாசனைக்கு அடியிலிருந்து, குளிர்ந்த ஏரிப்பாசியின் வாடை மெல்ல எழுந்தது. திரும்ப வேண்டாம் என்று நினைத்தார்.

திரும்பினார்.

சுவரில் மூன்று. அவருடையது கறுப்பு. நின்றது கறுப்பு. நோராவின் நிழல் மட்டும் புகைபோல் வெளுத்திருந்தது.

"அம்மா..." நோராவின் உதடு நீலம் பாரித்தது. "எலும்பையே பிடுங்குதுங்க."

"எழுந்திரு நோரா."

"இன்னும் குழம்பே ஊத்தலையே..."

"எழுந்திரு. சமையல்கட்டு வாசல்ல போய் நில்லு."

போனாள். நின்றாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள்.

"விட்டுடுச்சு! வலியே இல்லைங்க. இன்னா மாயம் பண்ணீங்க?"

இக்னேஷியஸுக்குப் பக்கத்தில், நோரா விட்டுப்போன நாற்காலியின் பிரம்பு முனகியது. அமிழ்ந்தது. சுவரில் இப்போது உட்கார்ந்த நிழல்கள் இரண்டு. ஒன்றின் தலை மெதுவாகச் சாய்ந்தது. அவர் தோளில் ஈரம். குளிர்.

"சாப்பிட வரட்டுமா?" என்றாள் நோரா.

"வராதே."

வழி அவருக்குப் புரிந்துவிட்டது, எளிய வழிதான்: அவர் பக்கத்து இடத்தை எப்போதும் காலியாக விட வேண்டும். மேஜையில், மாதா கோவில் பெஞ்சில், கட்டிலில்.